வெட்டி எடுத்த மூச்சு

என் தங்கை ராசமலரின் புருஷன் கதிராமன் இரண்டு தரம் செத்தவன். முதல் தரம் செத்ததற்குக் கொழும்பிலிருந்து வந்த படக்காரர் பகல் சாப்பாடும் ஒரு புது வேட்டியும் கொடுத்தார்கள். இரண்டாம் தரம் செத்தபோது அவனுக்காக ஊரில் ஒரு பறைகூட அடிக்கவில்லை. இதைச் சொன்னால் என்னை விசரி என்பார்கள். சொல்லட்டும். நான் திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனின் பெண்சாதி. இந்தப் புஷ்பவதியின் வாய்க்கு ஏற்கெனவே நல்ல பெயர் இல்லை, புதிதாகக் கெட என்ன இருக்கிறது.

கதிராமனுக்குப் படம் என்றால் உயிர். நாங்கள் பிறந்த இறக்கக்கண்டியில், வலைக்குச் சொந்தக்காரரான கனகரத்தினம் சம்மாட்டியின் கரைவலை வள்ளத்தில் தண்டு வலிக்கிற வேலை அவனுக்கு. விடிய வலை வளைத்து, இழுத்து, மீனைப் பிரித்துக் கொடுத்த கையோடு பஸ் ஏறிப் பட்டணத்துக்கு வந்துவிடுவான். என் வீட்டுக் கிணற்றடியில் வாசச் சவர்க்காரம் போட்டுக் குளித்து மீன் மணத்தைப் போக்கி, நனைந்த தலையை இந்தியக் கதாநாயகன் மாதிரி வாரிவிட்டுக்கொண்டு பகல் காட்சிக்குப் போவான். திரும்பிப் போகும்போது பஸ்ஸிலேயே கதை முழுவதையும் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிடுவான். அவன் சொல்லிச் சொல்லியே இறக்கக்கண்டியில் பாதிப் பேர் காசில்லாமல் படம் பார்த்தார்கள்.

ஒருநாள் கிணற்றடியில் நின்று சொன்னான்.

"மச்சாள், அந்தத் திரையில ஒருக்கா என்ர முகம் வந்தாக் காணும். பேந்து செத்தாலும் பறவாயில்லை."

"வாயைக் கழுவடா. நல்ல நாளும் பொழுதுமாய் உதென்ன கதை?" என்று பேசினேன். அவன் சிரித்துக்கொண்டு இன்னொரு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றினான்.

அந்தக் காலத்தில் நம்மவர்களுக்கும் படம் எடுக்கும் ஆசை வந்திருந்தது. எத்தனை நாளைக்கு இந்தியாக்காரனின் தமிழைக் கேட்டுக்கொண்டிருப்பது, நம்முடைய கடலையும் நம்முடைய கதையையும் நாமே எடுத்தால் என்ன என்று கொழும்பில் கூட்டம் வைத்தார்களாம். நியாயமான ஆசைதான். கடைக்காரர் ஒருவர் முதல் போட, கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர்கள் லீவு எடுத்துக்கொண்டு நடிகர்களானார்கள். இறக்கக்கண்டிக் கடற்கரைக்கு லொறி வந்து நின்றது. ஒரு கமெரா, வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்க வெள்ளித்தாள் ஒட்டிய இரண்டு பலகை, ஒரு பெட்டி சோடா, இவ்வளவுதான். ஊர் மூன்று நாள் சமைக்கவில்லை.

கதையில் ஒரு மீனவன் கடலில் மாண்டு போகிறான். அவனுடைய தம்பிதான் கதாநாயகன். அந்தச் செத்த தமையனாக நடிக்க வந்தவர் கொழும்பில் பெரிய கந்தோர் ஒன்றில் வேலை பார்க்கிறவர். முதல் நாள் வள்ளத்தில் நின்று நன்றாகத்தான் நடித்தார், முதுகுப் பக்கமாக. இரண்டாம் நாள் பச்சை மூங்கிலில் கட்டிய பாடையைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் என்ர அம்மாவுக்கு ஒரே பிள்ளை. உதில படுக்க என்னால ஏலாது" என்றார்.

டைரக்டர் கெஞ்சிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். மனிசன் லொறிக்குள் ஏறி இருந்துவிட்டார். அப்போதுதான் கூட்டத்திலிருந்து கதிராமன் கையைத் தூக்கினான். முகம் வருமா என்று மட்டும் கேட்டான். முகம்தான் வரும், கிட்டத்தில் வைத்து எடுப்போம் என்றார் டைரக்டர். அதற்குமேல் கதிராமனை ஆரால் பிடிக்க முடியும்?

ராசமலர் கடற்கரைக்கு வரவில்லை. நான் கூப்பிடப் போனபோது அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"பிணமாப் படுக்கப் போற ஆளுக்கு இண்டைக்கு இஞ்ச சோறில்லை எண்டு போய்ச் சொல்லக்கா" என்றாள். சொல்லிக்கொண்டே அவனுக்குப் பிடித்த திரளி மீனுக்குப் புளி கரைத்தாள்.

டைரக்டர் பொடியன்தான், ஆனால் பிடிவாதக்காரன். இந்தியப் படத்தில் வருகிற மாதிரி அட்டைச் சாவு வேண்டாம், இந்த ஊரில் எப்படிச் செய்வீர்களோ அப்படியே செய்யுங்கள் என்றான். அவனுக்கு என்ன, நல்ல எண்ணம். பறை அடிக்கிறவர்களையே கூப்பிட்டான். கொள்ளிக்குடம் வந்தது. வாய்க்கரிசி வந்தது. பாடையின் முன்கொம்பைப் பிடிக்கக் கனகரத்தினம் சம்மாட்டியே முன்வந்தார். தன் முகமும் படத்தில் வரட்டும் என்று கரை வைத்த வேட்டியை மினுக்கிக் கட்டிக்கொண்டு வந்து, கமெரா எந்தப் பக்கம் என்று கேட்டு நின்றுகொண்டார். ஒப்பாரிக்கு ஞானமணியைக் கூட்டி வந்தார்கள். எங்கள் கரையில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அவள்தான் பாடுவாள். கதிராமனின் தகப்பன் சித்திரவேலுக்கும் அவள்தான் பாடினவள்.

"இப்ப சத்தம் பதியிறேல்லை அம்மா. பேந்து கொழும்பில பாட்டுச் சேர்ப்பம். உங்கட வாய் அசைஞ்சாக் காணும்" என்றான் டைரக்டர்.

"பேர் தெரியாமல் எப்படி ஐயா பாடுறது? ஆர் செத்தது?"

"கதையில அந்தாள்ர பேர் மாணிக்கம்."

ஞானமணி தலையாட்டினாள். மாணிக்கமே என்றுதான் தொடங்கினாள். நான் தென்னையோடு சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் பகிடியாகத்தான் இருந்தது. ஊர்ப் பெண்கள் அழ வேண்டிய இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு பறை, பாடை எடுக்கிற அடிக்கு மாறியது. அந்த அடி கேட்டால் எங்கள் பெண்களின் கை தானாக மார்புக்குப் போகும், பழக்கம் அப்படி. ஞானமணி குனிந்து பாடையில் கிடந்தவனின் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ வருஷம் அந்த அடிக்குப் பாடிப் பழகிய நாக்கு அது. மாணிக்கம் யாரென்று அதற்குத் தெரியாது.

"சித்திரவேல் பெத்த மகன், சீராளா கதிராமா,
வள்ளம் கரையிருக்க வழிமாறிப் போனியளோ,
ராசமலர் தனியிருக்க ஆரை நம்பிப் போனியளோ"

கடற்கரையில் ஒரு சிரிப்புச் சத்தம் இல்லை. பறைக்காரர் நிறுத்தவில்லை, இடையில் நிறுத்துவது அவர்களுக்கு வழக்கம் இல்லை. குடம் உடைந்தது. சனங்களின் முகத்தில் பயம். டைரக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நல்லம், நல்லம், அப்படியே நில்லுங்கோ!" என்று துள்ளினான். சம்மாட்டி குனிந்து பாடையைத் தூக்கினார்.

எடுத்து முடிந்ததும் கதிராமன் எழும்பி உட்கார்ந்து, எப்படி என்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். பதிலுக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. ஞானமணி தன் வாயில் தானே படார் படாரென்று அடித்துக்கொண்டு, கொடுத்த சேலையையும் வாங்காமல் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் தொடங்கியது. முதலில் பகிடி. செத்தவன் வாறான், பிரேதம் வெற்றிலை கேட்குது, இந்தக் கதை. அவனும் சேர்ந்து சிரித்தான். பிறகு துடக்கு, அதுதான் சாத்தீட்டு, என்று ஒரு வழக்கு வந்தது. பறை அடித்து, பெயர் சொல்லிப் பாடி, குடம் உடைத்தாயிற்று, வீட்டுக்குத் துடக்கு உண்டா இல்லையா? கோயிலடியில் பெரிய மனிதர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு இதைப் பேசினார்கள். செத்தவனே தன் துடக்கைத் தான் காக்கலாமா என்று ஒருவர் கேட்டாராம். வேலை இல்லாதவன் பூனையைப் பிடித்துச் சிரைத்த கதைதான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியையும் ஒருமிக்கச் செய்துவிட்டால் தோஷம் தீரும் என்று சொல்லப் போனவரை ராசமலர் விளக்குமாற்றால் வாசல்வரை கொண்டுபோய் விட்டாள்.

அடுத்த கிழமை சம்மாட்டியின் வலை கல்லில் மாட்டிக் கிழிந்தது. அந்தக் கல் கதிராமனின் பாட்டன் காலத்திலும் அங்கேதான் கிடந்தது. ஆனால் பிரேதம் ஏறின வள்ளம் என்று ஒருவன் சொன்னான், மற்றவர்கள் தண்டைக் கீழே வைத்தார்கள். சம்மாட்டி கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். கெட்டவன் என்றால் மண்ணள்ளித் தூற்றிவிட்டு இருக்கலாம்.

"கொஞ்ச நாளைக்கு நில் தம்பி. நான் சொல்லேல்லை, பொடியள் பயப்பிடுறாங்கள்" என்றார்.

கொஞ்ச நாள் என்பது ஒரு வருஷமாயிற்று. கதிராமன் உப்புவெளிக்குப் போய்க் கேட்டான், நிலாவெளியில் கேட்டான். கரைக்குக் கரை கதை அவனுக்கு முன்னால் போயிருந்தது. கிணறு இறைத்தான், வேலி அடைத்தான். கலியாண வீட்டில் ராசமலரின் கையில் ஆலாத்தித் தட்டைக் கொடுக்காமல், தெரியாததுபோல் அடுத்தவளிடம் நீட்டினார்கள். அவள் தாலிக்கொடியை எடுத்துச் சட்டைக்கு வெளியே போட்டுக்கொண்டு, கலியாணம் முடியும்வரை அங்கேயே நின்றாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்து அழவேண்டும்போல் இருந்தது. ஆனால் அவள் விடமாட்டாள்.

"படம் வரட்டும்" என்று மட்டும் கதிராமன் சொல்லிக்கொண்டிருந்தான். "படம் வந்தா எல்லாம் சரி. நடிப்பு எண்டு கண்ணால கண்டா ஆர் என்ன கதைக்கிறது?"

படம் வந்தது. பட்டணத்துத் தியேட்டர் வாசலில் அரளிப்பூ மாலை போட்ட விளம்பரப் பலகை. இறக்கக்கண்டிச் சனம் இரண்டு பஸ் பிடித்து வந்து இறங்கியது. கனகரத்தினம் சம்மாட்டி மட்டும் வரவில்லை, மூதூரில் ஒரு கலியாணம் என்று லோஞ்ச் படகில் போயிருந்தார். ராசமலரும் வரவில்லை. பிணத்தைப் பார்க்க நான் ஏன் வரவேண்டும் என்றாள். நான் கதிராமனுக்குப் பின் வரிசையில் இருந்தேன். அவன் சேர்ட்டின் கழுத்துப் பொத்தானையும் பூட்டியிருந்தான்.

சாவீட்டுக் காட்சி வந்தது. ஞானமணியின் ஒப்பாரி இல்லை. அதற்குப் பதிலாகக் கொழும்பில் யாரோ ஒரு பெண் வயலினோடு பாடிய சோகப்பாட்டு ஓடியது. ஆனால் ஞானமணியின் வாய் அந்தப் பாட்டுக்கு அசையவில்லை. அது கதிராமா என்றுதான் அசைந்தது. எங்கள் வரிசையில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அடுத்து கதிராமனின் முகம். திரை முழுவதும் அவன். நெற்றியில் திருநீறு, தாடைக்கட்டு, நெஞ்சுவரை வேட்டி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வேட்டி மெல்ல மேலே எழும்பித் தாழ்ந்தது. இன்னொரு தரம் எழும்பித் தாழ்ந்தது.

"டேய், பிரேதம் மூச்சு விடுதடா!" என்று கலரியில் ஒருவன் கத்தினான்.

தியேட்டர் முழுக்கச் சிரிப்பு. சீட்டில் அடித்துச் சிரித்தார்கள். படம் அந்த இடத்தோடு செத்தது. அதற்குப் பிறகு கதாநாயகி அழுதாலும் சிரித்தார்கள். பின்னால் நின்ற கொழும்புக்காரர்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கதிராமன் மட்டும் எழும்பி நின்றான்.

"ஓம்! விடுறன்! நல்லாப் பாருங்கோ, மூச்சு விடுறன்!" என்று கையைத் தட்டினான். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

ஊரார் கண்டது போதாது. வலை சம்மாட்டியுடையது, அவர் காண வேண்டும். அடுத்த நாள் மூதூரிலிருந்து வந்த லோஞ்சை ஜெற்றியிலேயே காத்து நின்று, அவரைப் பிடித்துக்கொண்டு நேரே தியேட்டருக்கு வந்தான் கதிராமன். சம்மாட்டிக்கும் தன் முகத்தைப் பார்க்கும் ஆசை இருந்தது, மறுக்கவில்லை. என்னையும் கூப்பிட்டான். "மச்சாள், நீங்கள் சாட்சி" என்றான்.

சாவீட்டுக் காட்சி வந்தது. சம்மாட்டியின் தோளைத் தொட்டு, "இப்ப பாருங்கோ, இந்தா, இப்ப" என்றான் கதிராமன். ஞானமணியின் முகம் வந்தது. கதிராமனின் முகம் வந்தது. கண் இமைக்கிற நேரம்தான். உடனே குடம் உடைந்தது, பாடை தூக்கியாயிற்று. நெஞ்சு வரவில்லை. மூச்சு வரவில்லை. கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவும் இல்லை.

வெளியே வந்ததும் சம்மாட்டி தன் தோளைத் தடவிப் பார்த்தார்.

"நான் கண்டதைத்தான் சொல்லுவன் தம்பி. என்ர தோளில நான் தூக்கினது பிரேதம். ஞானமணியின்ர வாயையும் பாத்தன். உன்ர பேர்தான் வருது" என்றார். அவர் குரலில் பொய் இல்லை. பயந்துபோயிருந்தார்.

கதிராமன் தியேட்டரின் பின்படியால் மெஷின் அறைக்கு ஓடினான். நானும் மூச்சிரைக்கப் பின்னால் போனேன். ஒப்பறேட்டர் முத்தலிப் நானா பனியனோடு நின்று வேர்வை துடைத்துக்கொண்டிருந்தார். மூதூர்க்காரர், வெள்ளிக்கிழமைகளில் லோஞ்சில் வீட்டுக்குப் போய்வருவார். என் புருஷனுக்கு நல்ல பழக்கம்.

"என்ர மூச்சு எங்க நானா?" என்று கேட்டான் கதிராமன்.

முத்தலிப் நானாவுக்கு உடனே விளங்கியது. "வெட்டச் சொன்னாங்க தம்பி. சாவீட்டுல சனம் சிரிச்சாப் படம் போச்சு எண்டு கொழும்பு ஆள்தான் நேற்று நிண்டு வெட்டுவிச்சது" என்றார். தட்டிலிருந்த ஒரு சிகரெட் தகரப்பேணியைத் திறந்து, சுருட்டி வைத்திருந்த துண்டை எடுத்துக் கொடுத்தார்.

கதிராமன் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நானும் எட்டிப் பார்த்தேன். கட்டம் கட்டமாக அவன். ஒவ்வொரு கட்டத்திலும் தாடைக்கட்டோடு, கண் மூடி, விறைத்துக் கிடந்தான். மேலே பார்த்தாலும் பிணம், கீழே பார்த்தாலும் பிணம். அத்தனை கட்டத்திலும் மூச்சு எங்கும் இல்லை. அவன் துண்டைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தான்.

"உதில தெரியாது தம்பி. மெஷினில ஓடினாத்தான் தெரியும்" என்றார் முத்தலிப் நானா.

"திருப்பி ஒட்டேலாதோ?"

"ஒட்டலாம். ஆனா நாளைக்குப் படம் இல்லை. இண்டையோட தூக்கச் சொல்லிட்டாங்க."

கதிராமன் துண்டைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தான். "நீங்களே வச்சிருங்கோ நானா. என்னட்டை இருந்தா நான் பிணம். உங்கட மெஷினிலதான் எனக்கு உயிர்" என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வாடை தொடங்கியது. மார்கழியில் எங்கள் கரையில் புத்தியுள்ளவன் கடலுக்குப் போகமாட்டான், வலைகளைக் கழுவிக் கட்டித் தூக்கிவிடுவார்கள். கதிராமன் யாரோ கைவிட்ட பழைய தெப்பம் ஒன்றைக் கட்டித் திருத்தினான். தண்டு பிடிக்கக் கூட ஆள் வரவில்லை. வர மாட்டார்கள் என்றும் அவனுக்குத் தெரியும்.

"ஒரு கூடை மீன் கொண்டுவந்து சம்மாட்டியின்ர மீன்வாடி வாசலில போடுறன். செத்தவனுக்கு மீன் படுமோ எண்டு அவர் சொல்லட்டும்" என்றானாம். ராசமலர் காலில் விழுந்து மறித்திருக்கிறாள். அவன் அவளைத் தூக்கி நிறுத்திக் கண்ணைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறான். தெப்பம் மட்டும் உப்புவெளிக் கரையில் ஒதுங்கியது. ஆள் இல்லை.

நான் போனபோது ராசமலர் அழாமல் இருந்தாள். கடல் கொண்டுபோன உடம்புக்குத் தர்ப்பையில் உருவம் செய்து எரிக்க வழி உண்டு, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கு ஊர் வரவேண்டும், பறை வரவேண்டும். ஊர் வேலிக்கு வெளியே நின்று தலையைச் சொறிந்தது. ஒரு ஆளுக்கு இரண்டு தரம் பறை அடித்தால் அடுத்த சாவைக் கூப்பிடுகிற மாதிரி என்றார்கள். அவனுக்கு எல்லாம் செய்தாயிற்று என்றார்கள். பறைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஞானமணியின் வீட்டுக்கு நானே நடந்து போய்க் கேட்டேன்.

"ஒருத்தருக்கு ஒருக்காத்தான் பாடலாம் பிள்ளை. நான் பாடிட்டன். பாடினதாலதான் போனவன்" என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்கு ராசமலரின் அழாத முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பொட்டை அழிக்கவில்லை, கொடியைக் கழற்றவில்லை. கழற்று என்று சொல்லவும் ஆள் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் ஆள் இல்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். இரவில் எழும்பிப்போய் அவனுக்குச் சோறு மூடி வைத்தாள். இப்படியே போனால் இவளும் மிஞ்சமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அழுதால் தப்புவாள், ஆனால் அழுவதற்கு ஒரு சாவீடு வேண்டும்.

ஒரு நாள் அவளாகவே கேட்டாள்.

"அக்கா, அந்தப் படம் எங்க இருக்குது?"

படம் தியேட்டரில்தான் இருந்தது. முதல் போட்டவர் நொடித்துப்போனார் என்று கதை, படப்பெட்டியைத் திருப்பி எடுக்க ஆள் வரவில்லை. மெஷின் அறைப் படிக்கட்டின் கீழே தகரங்கள் தூசி பிடித்துக் கிடப்பதாக என் புருஷன் சொல்லியிருந்தார். அதைச் சொன்னதும் ராசமலர் எழும்பி முகம் கழுவினாள். நேரே ஞானமணி வீட்டுக்குப் போனாள். நான் பின்னால் ஓடினேன்.

"ஞானமணியக்கா, அண்டைக்கு நீங்கள் பாடினது படத்தில இல்லை. உயிரோட இருந்த ஆளுக்குப் பாடி, அது காத்தில போயிட்டுது. ரெண்டாந்தரம் பாட வேண்டாம். அண்டைக்குப் பாடினதைக் கொண்டுவந்து அந்தப் படத்தில போடுங்கோ. எனக்கு வேற செத்தவீடு இல்லை" என்றாள்.

ஞானமணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய் வெள்ளைச் சேலை உடுத்துக்கொண்டு வந்தாள்.

படத்தைச் சத்தம் இல்லாமல் ஒருக்கா ஓட்டிக் காட்டச் சொல்லி முத்தலிப் நானாவிடம் போய்க் கேட்டேன். முதலாளி வருவதற்கு முன் காலையில் வாருங்கள் என்றார். போனோம். கூட்டிப் பெருக்குகிறவள் முன்வரிசையில் கூட்டிக்கொண்டிருந்தாள், எங்களைக் கண்டதும் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு வெளியே போனாள். அவ்வளவு பெரிய தியேட்டரில் நாங்கள் மூன்று பேர். கதவைச் சாத்தினார்கள். கேட்டபடியே நானா சத்தத்தை நிறுத்திவிட்டு ஓட்டினார். பின்னால் மெஷின் ஓடுகிற கரகரப்பு மட்டும்.

எங்கள் கடற்கரை வந்தது. தென்னைகள், வள்ளம், பறைக்காரரின் கை. திரையில் ஞானமணி குனிந்தாள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஞானமணி எழும்பி நின்று பாடத் தொடங்கினாள். மாணிக்கமே என்று தொடங்கவில்லை. சித்திரவேல் பெத்த மகன் என்றாள். அந்த வாயும் இந்த வாயும் ஒன்றாக அசைந்தன. ஒரு சொல் தப்பவில்லை. அன்றைக்கு எடுத்த அடி, இழுத்த இழுப்பு, எல்லாம் அப்படியே வந்தது. சுவரெல்லாம் கதிராமா கதிராமா என்று கேட்டது.

ராசமலரின் தோள் குலுங்கியது. அப்பாடா, பிள்ளை அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கை கழுத்துக் கொடிக்குப் போனது. கொக்கியைத் தேடுகிற விரலை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதிராமனின் முகம் வந்தது. தகரப்பேணியில் இருந்த துண்டை முத்தலிப் நானா அன்று காலை ஒட்டியிருந்தார். செத்த ஆளைக் குறையாகக் காட்டக்கூடாது என்று நினைத்தாராம். எங்களுக்குச் சொல்லவில்லை. அவரில் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

வேட்டி மெல்ல எழும்பியது. தாழ்ந்தது. மறுபடி எழும்பியது. சிரிக்க ஆள் இல்லை.

ராசமலர் கொடியை விட்டுவிட்டு ஞானமணியின் வாயை இறுக்கிப் பொத்தினாள்.

"பாடாதேங்கோ. பாடாதேங்கோ அக்கா. மூச்சு விடுறார்."

பாட்டு நின்றது. திரையில் ஞானமணியின் வாய் நிற்கவில்லை. குடம் உடைந்தது. ஆட்கள் பாடையடிக்கு வந்து குனிந்தார்கள். ராசமலர் கதிரைகளை இடித்துத் தள்ளிக்கொண்டு திரையடிக்கு ஓடினாள். அவளுடைய நிழல் பாடைக்குக் குறுக்கே விழுந்தது.

"தூக்காதேங்கோ! உயிர் இருக்குது! நல்லாப் பாருங்கோ, உயிர் இருக்குது! சம்மாட்டியார், உங்களைத்தான், கும்பிட்டன், தூக்காதேங்கோ!"

திரையில் கனகரத்தினம் சம்மாட்டி வேட்டியை மடித்துக் கட்டினார். கமெரா இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். முன்கொம்பைத் தோளில் வைத்தார். பின்னால் பிடித்தவர்களும் எங்கள் ஊர் ஆட்கள்தான், ஒவ்வொருவரின் பெயரும் எனக்குத் தெரியும். அவர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.